மாமியார் மூக்கில் நின்ற வெளிச்சம்

பேய்க்குப் பயமில்லை என்று சொல்லித் திரிகிறவளை நம்பாதீர்கள். அவள் தன் மாமியாரோடு ஒரு வீட்டில் தனியாக இருந்திருக்க மாட்டாள். நான் இருந்தேன். அதுவும் மாமியார் செத்துப் பல வருஷம் கழித்து.

பேத்தி தேவி தன் கல்யாணத்துக்குச் சொந்தச் சம்பளத்தில் வைரத் தோடு பார்த்திருந்தாள். எங்கள் வீட்டில் வைரத்தை உடனே வாங்கிவிட மாட்டோம். கல்லை வீட்டில் வைத்து ராசி பார்ப்போம். சகுனம் சரியில்லை என்றால் கடைக்கே போய்விடும். தீர்ப்பு என்னுடையது. (வீட்டுல எனக்கு மிஞ்சின அதிகாரம் அது ஒண்ணுதான், விடுவேனா?)

ராமநாதபுரத்துக் கடைக்காரர் தெரிந்தவர், நம்பிக் கொடுத்தார். கூடவே ஒரு அட்டை.

“என்னடி இது?”

“சர்டிபிகேட், அப்பத்தா. கட்டு, அதான் பட்டை தீட்டினது, எக்ஸலன்ட்டுன்னு போட்டிருக்கு பாரு. இதே நம்பரு கல்லோட இடுப்புலயும், அதான் நடு விளிம்புல, பொடிசா இருக்கும். லென்ஸு வச்சாத்தான் தெரியும்.”

“கல்லுக்குச் சாதகம், இடுப்புல பச்சை குத்தினது வேற. மாப்பிள்ளைக்குக்கூட நீ இம்புட்டுப் பாக்கலையே.”

மறுநாள் உச்சிப்பொழுது. வீட்டில் யாருமில்லை. சாமி அறையில், கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாம்பன் காற்று கதவை அறைந்து சாத்தியது. நிமிர்ந்தால் சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக வெளிச்சம், நெத்திலிக் கூட்டம் போல. அசைகிறதா, இல்லையா என்று தெரியாத நகர்வு. அதில் ஒன்று மாமியார் படத்தின் மேல் ஏறி, சரியாக மூக்கில் போய் நின்றது.

வைர மூக்குத்தி, வைர மூக்குத்தி என்று கேட்டுக்கேட்டே செத்தவர் அவர். மாமனார் கடைசிவரை வாங்கித் தந்தது வெள்ளைக்கல்தான்.

“அத்தே, இது ஒங்க கொள்ளுப்பேத்தி தோடு. ஒங்களுக்கில்ல,” என்று டப்பாவைத் தூக்கினேன். சுவரே ஆடியது. மூடி, சமையலறை உப்புச் சாடிக்குள் புதைத்தேன். உப்புக்கு அடங்காத ஆவி உண்டா?

சாயங்காலம் தேவியிடம், “கல்லு ஆகாதுடி. குடுத்துரு,” என்றேன். அவள் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. விடிந்ததும் என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். சுவரில் ஆடியதையும் மாமியார் மூக்கில் நின்றதையும் அங்கே சொன்னேன்.

கடைக்காரர் வாசல் வெயிலில் தோட்டைக் காட்டினார். நெத்திலிக் கூட்டம் அவர் வழுக்கையில் ஏறியது.

“ஆச்சி, நல்லாப் பட்டை தீட்டின கல்லு, விழுற வெளிச்சத்தை உள்ள வாங்கி மேலயே திருப்பி விடும். அடி ஆழமாப் போச்சுன்னா ஓட்டைக் கொடம் மாதிரி அடிவழியா ஒழுகிரும். பெறகு கல்லு செத்த மீன் கண்ணாட்டம் முழிக்கும். ஒங்க சுவத்துல ஆடுனது நல்ல கட்டு.”

பிறகு இடுப்பு நம்பரை அட்டையோடு ஒத்துப் பார்க்க லென்ஸை வைத்தார். டப்பாவிலிருந்து பொலபொலவென்று உப்பு கொட்டியது.

“இதுக்கும் சர்டிபிகேட் இருக்கா, ஆச்சி?”

தேவி சிரித்தாள். “அப்ப வாங்கிக்க,” என்றேன். தோடு அவள் காதுக்குப் போனது.

இன்றும் எவர்சில்வர் தம்ளர் சுவரில் மின்னினால் போதும், “அப்பத்தா, ஒம் மாமியா வந்துருக்காக,” என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிள்ளைக்குத் தோடு கிடைத்திருக்காது. அன்று டப்பாவை உப்பில் புதைத்துச் சாடியை மூடிவிட்டுச் சாமி அறைக்குத் திரும்பி வந்து பார்த்தேன். சுவரில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

மாமியார் மூக்கில் மட்டும் இருந்தது.