நாகலெட்சுமியின் பிரஷர்

நாகலெட்சுமியின் பிரஷர் இந்த மாதமும் இறங்கவில்லை. கிளினிக் கொப்பியில் நூற்றெழுபது என்று டாக்டர் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

பிரியந்தி அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். ஹட்டன் டவுனில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, பார்மசி படிப்பில் மூன்றாம் வருடம். லிந்துலைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு நோயாளியைப் பொறுப்பெடுத்து, மூன்று மாதத்தில் பிரஷரைக் குறைத்துக் காட்ட வேண்டும். குறையாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி இதே பாடம், இதே மழை, இதே அட்டைக்கடி. பல்கலைக்கழகம் இதற்குச் சேவைவழிக் கற்றல் என்று பெயர் வைத்திருந்தது. யாருக்குச் சேவை, யாருக்குக் கற்றல் என்று எங்கும் எழுதவில்லை.

அவளுக்குப் பிரஷர் மெஷின் தரவில்லை. கிளினிக் கொப்பியில் இருப்பதைப் பார்த்து எழுதினால் போதும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். அவள் வேலை டாக்டர் கொடுத்த குளிசை மாத்திரைகளை எண்ணுவது.

எண்ணினாள். பாதி மிச்சம் இருந்தது.

"ஏங்க்கா போடல?"

"போட்டா மலையில தல சுத்துது மிஸ். கொழுந்து எது, முத்தின எல எதுன்னே தெரிய மாட்டேங்குது."

"பிரஷர் ஏறுனாத்தான்க்கா தல சுத்தும். ஒழுங்காப் போடுங்க, நின்னுரும்."

நாகலெட்சுமி தலையாட்டினாள். முப்பது வருடமாக யார் எதைச் சொன்னாலும் ஆட்டிப் பழகிய தலை அது. பிரியந்தி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சுவரில் ஒரு கலண்டரை ஒட்டி, குளிசை போட்ட நாளுக்கெல்லாம் புள்ளடி போடச் சொன்னாள்.

அடுத்த மாதம் கலண்டர் முழுக்கப் புள்ளடி. கொப்பியில் நூற்றெண்பத்தைந்து. டாக்டர் குளிசையை இரட்டிப்பாக்கியிருந்தார்.

"உப்புத்தான் காரணம்" என்று பிரியந்தி அடுப்படியைச் சோதனை போட்டாள். கருவாடு ஒரு பொட்டலம், ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் கிடைத்தன.

"வீசிரவா மிஸ்?" என்றாள் நாகலெட்சுமி. வாய்க்கு ருசியாக அந்த வீட்டில் இருந்தவை அவை இரண்டுதான்.

"வீச வேணாம், பாவம். பக்கத்துக் காம்பராவுக்குக் குடுங்க."

பக்கத்துக் காம்பராவில் பேச்சியம்மா இருந்தாள். வேலையிலிருந்து நின்று பத்து வருடம். லயத்தில் யாருக்கு என்ன அலுவல் என்றாலும் ஓடிப்போய் நிற்கிற மனுஷி. கருவாட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து நாகலெட்சுமி உப்பில்லாச் சோற்றைத் தின்ன, சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று வேளையும் கருவாட்டு வாசம் அடித்தது.

அப்படியும் பிரியந்திக்குச் சந்தேகம் தீரவில்லை. குளிசையைத் துப்பிவிடுகிறாளோ? விடியற்காலையில், நாகலெட்சுமி பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன்பே லயத்துக்கு வந்து நின்றாள்.

"முழுங்குங்க. வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க."

நாகலெட்சுமி நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

"மிஸ், நேத்து தண்ணிக் கானுக்குள்ள விழுந்துட்டேன். கங்காணி அரைப் பேருதான் போட்டாரு, அரை நாள் சம்பளந்தான்."

"இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா. எனக்காகப் பொறுத்துக்கங்க."

எனக்காக என்று சொன்னது அவளுக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொன்னாள்.

மூன்றாம் மாதம் கொப்பியில் இருநூறு. டாக்டர் புதிதாக இன்னொரு குளிசையும் சேர்த்திருந்தார். பிரியந்தி அதையும் தன் கண்முன்னாலேயே விழுங்க வைத்தாள்.

ஐந்தாம் நாள் நாகலெட்சுமி மலையில் மயங்கி விழுந்தாள். நாலு பேர் கம்பளியில் கிடத்தித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் ஒழுகியது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பிரியந்தி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். பாடம் போனால் போகட்டும், இந்த மனுஷி பிழைத்தால் போதும் என்று முதல் தடவையாக நினைத்தாள். இவ்வளவு பிந்தித்தான் அது தோன்றியது என்பதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டிஸ்பென்சரி பொறுப்பாளர் யோகேஸ்வரன் பிரஷர் பார்த்தார். எண்பது. நம்பாமல் தன் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்தார். நூற்றிருபது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. இவ்வளவு கொறஞ்சு கெடக்கிற ஆளுக்கு யாரு இத்தன குளிசை குடுத்தது?"

"போன கெழம கிளினிக்ல இருநூறு சேர். கொப்பியில இருக்கு." பிரியந்தி நாகலெட்சுமியின் பக்கம் குனிந்தாள். "அக்கா, டாக்டர் உங்க கையிலதானே பாத்தாரு?"

நாகலெட்சுமி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"நான் எங்க மிஸ் கிளினிக் போனேன்? கொழுந்து நெறஞ்ச நேரத்துல போனா அன்னைக்குப் பேரு இல்லியே. லயத்துல எங்க யாருக்கும் போக ஏலாது."

"அப்ப யாரு போனது?"

கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கதவோரம் நின்ற பேச்சியம்மா, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"நான்தான் பாப்பா, மாசா மாசம் எல்லார் கொப்பியையும் நான்தான் கொண்டு போறேன். டாக்டர் ஐயா கைய நீட்டச் சொல்லுவாரு, நீட்டுவேன். லயத்துல ஒரு நோய் வருத்தமும் இல்லாத ஆளு நான் ஒருத்திதானே."