இன்டர்வியூவுக்காக நான் சொல்லாத நாலு சொல்

ஐந்தாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பிறகு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஆறடிக்கு எட்டடி இடத்தில் பழைய ஜெராக்ஸ் மிஷின் ஒன்றைப் போட்டேன். "இவனுக்குப் படிக்கவே வராது, இவன் பேப்பரை வச்சுப் பொழைக்கப் போறானாம்" என்று சிரித்தார்கள். அந்த ஆறடியை இருபதடி ஆக்கினேன். டைப்பிங், லேமினேஷன், எஸ்.டி.டி. பூத், மேல்மாடியில் பிரவுசிங் சென்டர் எல்லாம் நான் ஒருத்தன் நின்று கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் வாசலில் என் பேர் போட்ட போர்டு தொங்குகிறது. போர்டு இல்லாமல் நான் கட்டியது ஒன்றே ஒன்றுதான். அதை நான் எழுதாவிட்டால் வேறு எவனும் எழுதப் போவதில்லை.

வேலை தேடினவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். வேலை தேடுவதையே உத்தியோகமாக, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டுச் செய்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம். அப்போது கலெக்டரே வந்து ஆர்டரை நீட்டியிருந்தாலும் "ஒன்றரைக்கு மேல வாங்க" என்றிருப்பான். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. சந்தில் எல்லோருக்கும் அவன் 'இன்டர்வியூ'தான்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் என் கடைக்கு வர ஆரம்பித்தான். வீடு முதுநகர். சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு தினமும் ரயிலில் சிதம்பரம் வருவான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, ஷூ, மெரூன் கலர் டை.

"வேலை தேடறது கடலூர்ல, டை கட்டறது சிதம்பரத்துலயா? இன்னாடா கணக்கு இது?" என்று கேட்டேன்.

"கடலூர்ல டை கட்டுனா தெரிஞ்சவன் சிரிக்கிறான் மாமா. இங்க கட்டுனா ஆபீசர்னு எழுந்து எடம் குடுக்குறான். மனுசனுக்கு ஒரு நாளைக்கு ஒரு எடமாவது கெடைக்கணும் இல்ல?"

சிரித்துவிட்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கல்யாணத்தின்போது அவன் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலையில் இருந்தான். தாலி கட்டின நாலாம் மாதம் கம்பெனிக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவிட்டான். மாமனார் அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர். வந்து மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். "ஆர்டரோட வா, பொண்ணை அனுப்பறேன்" என்று ஒரே பேச்சு. அந்தப் பெண் வியாழக்கிழமை தோறும் என் கடை போனுக்குக் கூப்பிடுவாள். "பெரியப்பா, அவரு சாப்பிட்டாரா? டை கட்டியிருக்காரா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் போதும், வைத்துவிடுவாள். அவன் பக்கத்திலேயே நிற்பான், வாங்கிப் பேச மாட்டான். ஆர்டர் வந்த பிறகுதான் பேசுவானாம்.

வேலை வாங்க அவனிடம் மூன்று யுக்தி இருந்தது. முதலாவது ஒத்திகை. இன்டர்வியூவுக்கு முந்தின நாள், அதே நேரத்துக்கு, அதே இடத்துக்குப் போவான். வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுப்பான். கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று தள்ளிப் பார்ப்பான். ஒரு கம்பெனியில் அப்படி அரைமணி நேரம் கதவை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஆபீசர், ரிப்பேர்காரன் என்று நினைத்து, "கீழ் கீலையும் பாத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இவனும் மரியாதைக்காக முடுக்கிக் கொடுத்தான். மறுநாள் டையோடு போய் நின்றால் அதே ஆபீசர். "ஏம்ப்பா, கதவு மறுபடியும் மாட்டிக்குதே!"

இரண்டாவது யுக்தி பைல். பைல் கனமாக இருந்தால் அனுபவம் ஜாஸ்தி என்று நினைப்பார்களாம். இவனிடம் இருந்ததோ நாலு சர்டிபிகேட். மிச்சத்துக்கு என் கடையில் வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாள்களை வாரி அடைத்துக்கொள்வான். ஒரு தடவை ஆபீசர் பைலைப் புரட்டியிருக்கிறார். யாரோ ஒருத்தருடைய பட்டா, ஒரு ரேஷன் கார்டு, அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் ஜாதகம். ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜாதகத்தை முழுக்கப் படித்துவிட்டு, "பொண்ணு எந்த ஊரு? என் பையனுக்குப் பொருந்தும்போல இருக்கே" என்றாராம். ஆவணியில் கல்யாணம். இவனுக்குப் பத்திரிகை வந்தது, ஆர்டர் வரவில்லை.

மூன்றாவது, நடை. கதவிலிருந்து மூன்று எட்டு, ஒரு நிறுத்தம், ஒரு புன்னகை. இதைத் தினமும் என் கடை வாசலில்தான் பழகுவான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவனெல்லாம் தன்னைப் பார்த்து எதற்கு இவன் சிரிக்கிறான் என்று பயந்து பக்கத்துக் கடைக்குப் போனான்.

இப்படியே நாலு வருஷம். என் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் எத்தனையோ பிள்ளைகள் வேலையில் சேர்ந்தார்கள். ஒருத்தனாவது ஒரு துண்டு மைசூர்பாகு கொண்டுவந்து நீட்டியிருப்பானா? அத்தனை நன்றிகெட்டதுகளுக்கும் நடுவில் வேலை கிடைக்காத இவன் ஒருத்தன்தான் தினமும் "வணக்கம் மாமா" என்று உள்ளே வந்தான்.

கடைசியில் முதுநகருக்குத் தெற்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில், ஸ்டோர் கீப்பர் வேலைக்கு, எல்லாம் சரியாக நடந்தது. கதவு ஒழுங்காகத் திறந்தது. பைலை யாரும் தொடவில்லை. "உங்களைத் தெரிஞ்சவங்களை விசாரிச்சிட்டு ஆர்டர் அனுப்பறோம்" என்றார்களாம். பயோடேட்டாவில் ரெபரன்ஸ் என்ற இடத்தில் என் பேரையும் கடை நம்பரையும் போட்டிருந்தான். பக்கத்தில் 'தொழிலதிபர்' என்று வேறு.

வீணான தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, போனுக்கு மேலே செல்லோடேப் போட்டு ஒட்டினான். நல்லவன். நேர்மையானவன். நேரத்துக்கு வருவான். நம்பலாம்.

"இந்த நாலு சொல்லுதான் மாமா. இதுக்கு மேல ஒரு சொல்லு வேணாம். காலுல வேணும்னாலும் விழறேன்."

"எனக்குப் பேசத் தெரியாதாடா?"

"உங்களுக்குத் தெரியும் மாமா. அதான் பயமா இருக்குது."

மறுநாள் பதினோரு மணிக்கு போன் வந்தது. அவன் டீ குடிக்கப் போயிருந்தான். மேனேஜர் மரியாதையான மனுஷர். எடுத்த எடுப்பில், "நீங்க என்ன தொழில் சார் பண்றீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அத்தனை வருஷத்தில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. மூட்டையில் ஆரம்பித்தேன். ஆறடிக்கு எட்டடி சொன்னேன். முதல் மிஷின் புகைந்தது, சிரித்தவர்கள் பேர், பிரவுசிங் சென்டர் திறப்பு விழா என்று அரைமணி நேரம். கடைசியில் அவர், "அவரைப் பத்திச் சொல்லுங்களேன்" என்றார். "அவனா? நாள் பூரா என் கடையிலதான் கெடப்பான். ஒரு தாள் எடுக்கணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் எடுப்பான். நான் இல்லன்னா அவன் இல்ல சார்!" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். நிமிர்ந்தால் எதிரே அந்த நாலு சொல்.

அவன் டீ குடித்துவிட்டு வந்தான். "போன் வந்திச்சா மாமா? நாலையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

வேலை வேறு ஒருத்தனுக்குப் போனது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோளாறு தன் நடையில்தான் என்று முடிவு பண்ணிவிட்டான். மூன்று எட்டை இரண்டாகக் குறைத்தான். புன்னகையைப் பாதியாக்கினான். ஒரு நாள் தலை வகிட்டை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றிக்கொண்டு வந்து, "இப்ப நம்பறாப்பல இருக்கேனா மாமா?" என்று கேட்டான். அன்று வியாழக்கிழமை. அந்தப் பெண் கூப்பிட்டாள். "பெரியப்பா, அவரு சாப்பிட்டாரா?" டை கட்டியிருக்காரா என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் அவன் பேரைச் சொன்னதும் வாட்ச்மேன், "டை சாருக்கு வேண்டப்பட்டவரா? நல்ல மனுசன், டீ வாங்கிக் குடுப்பாரு" என்று சொல்லி உள்ளே விட்டான். மேனேஜர் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அரைமணி நேரம் போன்ல பேசினவரா?"

"ஆமா சார். அன்னிக்குப் பேசினது பூரா என்னைப் பத்தி. அவனைப் பத்தி இன்னிக்குத்தான் பேச வந்திருக்கேன்." நாலு சொல்லையும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் நான் பேசின சின்னப் பேச்சு அதுதான்.

அவர் மேஜையில் அவன் பயோடேட்டாவைத் தேடி எடுத்தார். "சேர்ந்தவன் நாத்தம் தாங்கலைன்னு போன வாரம் ஓடிட்டான். இவரு தாங்குவாரா?"

"மே மாசத்துல டை கட்டறவன் சார்."

"சரி. நாளைக்கு வரச் சொல்லுங்க."

"நீங்களே கூப்பிடுங்க சார். நான் வந்தது அவனுக்குத் தெரிய வேணாம்."

தெரிந்தால் போனில் நான் பேசினதும் தெரிந்துபோகுமே!

ஆர்டரை லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு அண்ணாகிராமம் போனான். மாமனார் கொடுத்த பலாப்பழத்தோடும் பெண்டாட்டியோடும் திரும்பி வந்தான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவன் ஸ்டோர்ஸுக்கே இன்சார்ஜ். சிதம்பரத்தில் ஒரு காலேஜில், வேலை வாங்குவது எப்படி என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒத்திகை, பைல், நடை எல்லாம் சொன்னான். வாட்ச்மேனுக்கு நன்றி சொன்னான். டை தைத்த கடைக்கு நன்றி சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எனக்கு வேலை வாங்கிக் குடுத்தது எது தெரியுமா? வகிடு. எடது பக்கம் எடுத்திட்டிருந்தேன், வலது பக்கம் மாத்தினேன். அடுத்த வாரமே ஆர்டர்!" என்றான். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தன் அங்கேயே சீப்பை எடுத்தான்.

வெளியே அவன் பெண்டாட்டி கேட்டாள்: "நல்லாப் பேசினாரா பெரியப்பா?"

"வகிடு நல்லாப் பேசிச்சும்மா" என்றேன்.

அந்த லேண்ட்லைன் செத்து எத்தனையோ காலம் ஆகிறது. மேலே ஒட்டின தாளை மட்டும் நான் கிழிக்கவில்லை. பழுத்துப்போய் அப்படியே இருக்கிறது. அதில் நீ எழுதினது நாலும் நிஜம்தான்டா மாப்ள. உன் வேலையைக் கெடுத்தவனும் நான், வாங்கிக் கொடுத்தவனும் நான். அடுத்த காலேஜில் பேசும்போது ரெண்டையும் சேர்த்துச் சொல். நன்றி சொல்ற வரிசையில் வகிட்டுக்குக் கீழே வேண்டாம். பயோடேட்டாவில் ரெபரன்ஸ் என்று போட்டாயே, அந்த இடத்திலேயே என் பேரைப் போடு.