நாலாந்தலைமுறைக்கு என் தாத்தா பெயர் தெரியும்

மலாய் நாட்டில் புலிக்குப் பயந்தவர்கள் உண்டு, காய்ச்சலுக்குப் பயந்தவர்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த நாங்கள் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்தோம். அவர் கையில் துப்பாக்கி இருக்காது. ஒரு பென்சில் இருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் நாலாந்தலைமுறை. எங்கள் கிறிஸ்தவக் கல்யாணங்களில் அந்தக் காலத்தில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் நாலு தலைமுறைக்குள் ஒரே ரத்தமாக இருக்கக்கூடாது. இருந்தால் மேற்றிராணியார், அதாவது பிஷப், உத்தரவு வேண்டும். அதற்காகவே மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். சாதாரண ஜனங்கள் ஓலை வாசிக்கும்போது பெண் வீட்டில் என்ன சமையல் என்று யோசிப்பார்கள். நாலாந்தலைமுறை பென்சிலை எச்சில் தொட்டுத் தயாராக வைத்துக்கொள்வார்.

அவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க் வேலை. பார்சல் எடுக்கப் போனால் ரசீது கேட்பதற்கு முன்னால் தாத்தா பேரைக் கேட்பார். பிறகு தாத்தாவின் தகப்பனார். மூட்டை கண்ணெதிரே இருக்கும். உள்ளே கருவாடு நாறிக்கொண்டிருக்கும். கொள்ளுத்தாத்தா பேர் நினைவுக்கு வரும்வரை மூட்டை வெளியே வராது. தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மூட்டையைக் கொடுத்துவிடுவார். ஆனால் அப்போது ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்குப் பயந்து பலர் பேரை இட்டுக்கட்டிச் சொன்னார்கள். அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

ஒருநாள் சீனத் தவுக்கே ஒருவர், பெரிய கடை முதலாளி, சரக்கு எடுக்க வந்தார். இவர் வழக்கம்போல் மலாயில் தாத்தா பேரைக் கேட்டார். தவுக்கே கோபித்துக்கொள்ளவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாத்தா, அவர் தகப்பன், அவர் தகப்பன் என்று பதினாலு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்தார். வீட்டில் புத்தகமே இருக்கிறதாம். நாலாந்தலைமுறை நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். சரக்கு மூட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு போய் மாட்டு வண்டியில் வைத்தார். அவர் ஆயுளில் வேறு யாருக்கும் அப்படிச் செய்ததில்லை, ரயில்வே மானேஜருக்கும்கூட.

இப்படிச் சேகரித்ததையெல்லாம் பழைய பார்சல் ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதி, சோற்றுப் பசையால் ஒட்டி ஒட்டி ஒரு சுருளாக வைத்திருந்தார். விரித்தால் கட்டிலில் தொடங்கி, அடுப்படி வழியாகக் குழாயடி வரை போகும். சோற்றுப் பசையைத் தின்ன வந்த கரப்பான்பூச்சிகள் ரவாங் பக்கம் இரண்டு குடும்பங்களை வம்சமே இல்லாமல் செய்துவிட்டன என்று மிகவும் வருத்தப்பட்டார்.

கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு போவார்கள். இவர் கல்லில் வெட்டிய பேரையும் வருஷத்தையும் படியெடுக்கக் கரித்துண்டும் காகிதமும் கொண்டு போவார். புருஷன் கல்லறையில் விழுந்து அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாளிடம், “கொஞ்சம் நகந்து அழுங்கம்மா, வருஷம் மறையுது” என்று சொன்னவர் அவர்.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு கோழி விஷயமாக எட்டு வருஷம் பேசாமலிருந்த இரண்டு வீட்டாரை, ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகள் என்று ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டி நிரூபித்தார். அழுது கட்டிக்கொண்டார்கள். மறு வாரம் சண்டை மறுபடி ஆரம்பித்தது. இப்போது சொந்தக்காரர்கள் அல்லவா, உரிமையோடு நடந்தது.

அவருக்கு ஒரே கொள்கை. வாய் பொய் சொல்லும், காகிதம் சொல்லாது. இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவார். இந்தக் கொள்கைதான் ஒருமுறை என் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது.

நான் ரயில்வே ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராது. அம்மா என்னைப் பெற்றபோதே போய்விட்டாள். எனக்கு ஒன்பது வயதில் தண்டவாளம் போடும் வேலையில் இருந்த அப்பாவும் காய்ச்சலில் போனார். அவரோடு வேலை செய்த சூசை மாமாதான் என்னை வளர்த்தார். அப்பா விட்டுப்போனது ஒரு தகரப் பெட்டி. அதில் அவர் கப்பலேறியபோது கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தது: சவரிமுத்து, தகப்பன் பேர் அந்தோணி, தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன ஊர். எனக்குத் தெரிந்த பூர்வீகம் அவ்வளவுதான்.

இருபத்து மூன்று வயதில் கிள்ளானில் ரோசம்மாளைப் பெண் பேசினார்கள். அவளுக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அந்த மாமனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. குற்றம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதுதான் குறை என்றார். “ஏன்னு கேக்க ஒரு சித்தப்பன் பெரியப்பன் கூட இல்லாத பயலுக்கா பொண்ணு?” என்பார். சிரம்பானில் அவர் கையில் வேறொரு மாப்பிள்ளை இருந்தான். ஆனால் ரோசம்மாள் என்னைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். நான் இந்தச் செய்தியைக் கேட்டபோது எண்ணிக்கொண்டிருந்த ஆணிகளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

கிள்ளான் கோயிலில் முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது ஞாயிறு, ரயில்வே பாஸ் இருக்கும் தைரியத்தில் நாலாந்தலைமுறை அங்கேயே வந்துவிட்டார். சாமியார் என் பேரையும் அவள் பேரையும் வாசித்து நிறுத்தினார். கடைசி பெஞ்சில் நாற்காலி நகர்வது போலத் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

“சாமி, ஒரு தடை இருக்கு.”

விஷயம் இதுதான். ரோசம்மாளின் அப்பாவைப் பெற்ற தாத்தா அருளப்பன். அவருடைய ஞானஸ்நானச் சீட்டிலும் தகப்பன் பேர் அந்தோணி, அதே ஊர். அருளப்பனுக்குச் சின்னத் தம்பி ஒருவன் உண்டு, பேர் சவரிமுத்து என்று அவர்கள் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். என் அப்பாவின் துண்டிலும் அதே பேர், அதே தகப்பன், அதே ஊர். ஆகவே என் அப்பாவும் அவள் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அவளுடைய அப்பா எனக்கு அண்ணன். அவள் எனக்கு மகள் முறை.

நாலு தலைமுறைக்கு மேற்றிராணியார் உத்தரவு கொடுத்தாலும் கொடுப்பார். மகள் முறைக்குத் தமிழன் எவன் உத்தரவு கொடுப்பான்? கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. உள்ளே வரும்போது மாப்பிள்ளை, வெளியே போகும்போது சித்தப்பா. நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து முன் பெஞ்சில் அடித்திருந்த ஆணிகளை எண்ணினேன்.

சாமியார் பிரெஞ்சுக்காரர்; தமிழை வேத புத்தகத்தில் படித்துக் கற்றவர். “பொறுமையாயிரும், மகனே. ஊர்ப் பங்குக்கு நிருபம் எழுதி விசாரிக்கப்படும்” என்றார். நாலாந்தலைமுறை அன்றே எழுதிவிட்டார். அந்தோணி குடும்பத்தை மட்டுமல்ல, அந்த ஊரிலிருந்து என் அப்பா புறப்பட்ட சமயம் கப்பலேறப் போன எல்லோருடைய குடும்பத்தையும் நாலு தலைமுறைக்கு எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார். கேட்பதில் அவருக்குக் கஞ்சத்தனமே கிடையாது.

தாய்மாமன் கெடு வைத்தார். தபசு காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன் பதில் வராவிட்டால் சிரம்பானுக்கு வெற்றிலை மாற்றிவிடுவேன் என்றார். கப்பல்கள் வந்தன. பதில் வரவில்லை. ஸ்டோரில் என் சிநேகிதர்கள் என்னை ‘சித்தப்பா’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் நாலாந்தலைமுறை வரும் பாதையை விட்டு ரயில் பாதையைத் தாண்டிப் போனேன். அவரோ தேடி வந்து சூசை மாமா வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் அப்பாவைப் பற்றி விசாரித்தார். எதையோ நினைத்து அவருக்கும் தூக்கமில்லை என்று முகம் சொன்னது.

“எல்லாம் சரியா இருக்கு சூசை. ஒண்ணுதான் இடிக்குது” என்றார். “மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேரு வைக்கிறது வழக்கம். அந்தோணின்னு வைக்காம இவனுக்கு ஏன் இன்னாசின்னு வச்சான்?”

சூசை மாமா யோசித்தார். “அவன் ஒரு மாதிரி ஆளுண்ணே. சவரிமுத்துன்னு மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவான். காது மந்தம்னு இருந்துட்டோம்.”

நாலாந்தலைமுறை அதையும் எழுதிக்கொண்டார். அப்போதும் அவருக்குக் காகிதத்தின் மேல்தான் நம்பிக்கை.

தபசு காலத்துக்கு முந்திய கடைசி ஞாயிறு வந்தது. நான் கிள்ளானுக்குப் போயிருந்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. ரோசம்மாளைத் தூரத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம் என்றுதான். தாய்மாமன் முன் வரிசையில் சிரம்பான் மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்து வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையைச் சாமியார் வாசித்து முடித்தார். புத்தகத்தை மூடப் போனார்.

அப்போது நடுவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கும் ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறவர் அன்று ஓடி வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குப் பொத்தான் போடவில்லை. முந்தின நாள் மாலைத் தபாலில் கடிதம் வந்திருக்கிறது; முதல் ரயிலைப் பிடித்திருக்கிறார்; அது வழியில் நின்றுவிட்டது. கடிதம் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் அது ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது.

“சாமி, நான் சொன்ன தடை தப்பு” என்றார். “அந்த சவரிமுத்து கப்பலே ஏறலே.”

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அந்தோணி மகன் சவரிமுத்து நாகப்பட்டணம் வரை போய், துண்டும் வாங்கி, கப்பலுக்கு முந்தின நாள் பேதியில் விழுந்து, வண்டியில் ஊர் திரும்பி இறந்துபோனார். ஊர்க்கோயில் மரணப் புத்தகத்தில் அது இருக்கிறது. இறந்தவர் பினாங்கில் இறங்கி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற முடியாது. அவரோடு துணைக்குப் போன கூட்டாளி ஆரோக்கியம் ஊர் திரும்பவே இல்லை. ஆள் பிடித்துக் கப்பலேற்றும் கங்காணிக்குத் தலைக்கணக்குச் சரியாக வேண்டும். சவரிமுத்துவின் துண்டை வாங்கிக்கொண்டு அவர் பேரில் ஆரோக்கியம் கப்பலேறியிருக்கிறார். பேரை மாற்றினால் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சாகும்வரை சவரிமுத்துவாகவே இருந்துவிட்டார்.

“ஆரோக்கியத்தோட தகப்பன் பேரு இன்னாசி” என்றார். என் பக்கம் கையை நீட்டினார். “இந்தப் பையன் பேரு. தன் பேரை விட்டுக்கொடுத்தவன் தகப்பன் பேரை விடல. காகிதம்தான் சாமி பொய் சொல்லியிருக்கு. நாலு தலைமுறைக்கும் பாத்தாச்சு. ரெண்டு குடும்பத்துக்கும் கலப்பு இல்ல.”

பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார்: “நாலு தலைமுறை பாத்தவரு முதல் தலைமுறையிலேயே கோட்டை விட்டுட்டாரு.”

சிரிப்பு எழுந்தது. சாமியாரே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நாலாந்தலைமுறை திரும்பிப் பார்த்து, “ஆமா” என்றார். ஊரிலுள்ள எல்லோரையும் ஒரு பார்வையில் கூனிக் குறுக வைத்த மனிதர், அத்தனை பேர் சிரிப்பதையும் வாங்கிக்கொண்டு, சாமியார் எங்களுடைய மூன்றாவது ஓலையை வாசித்து முடிக்கும்வரை நடுவழியிலேயே நின்றார்.

தாய்மாமன் அப்போதும் எழுந்து பார்த்தார். “ஏன்னு கேக்க ஆள் இல்லாத...” என்று ஆரம்பித்தார்.

“இருக்கு” என்று நாலாந்தலைமுறை கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். ஆரோக்கியத்தின் அக்காள் கித்தேரி இன்னும் இருக்கிறாளாம். வருஷா வருஷம் தம்பிக்குப் பூசை வைக்கிறாளாம். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூசை வைக்கச் சொல்லிக் கேட்பாளாம். எனக்கு ஒரு அத்தை. அங்கேயே, அத்தனை பேர் நடுவில் அழுதேன். அன்று எனக்கு வெட்கமாக இல்லை.

தபசு தொடங்குவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, கல்யாணம் நடந்தது. இரண்டு மாதம் கழித்து அத்தை யாரையோ கொண்டு எழுதிய கடிதம் வந்தது. ‘என் தம்பி மகன் இன்னாசிக்கு’ என்று தொடங்கியிருந்தது. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ரோசம்மாள் கோபம் வந்தால் இன்றைக்கும் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நாலாந்தலைமுறை போய் ஆறு வருஷமாகிறது. அவருக்குக் குடும்பம் இல்லை. கடைசியில் சுருளை எனக்கு அனுப்பி வைத்தார். நானும் ரோசம்மாளும் அதை முழுதாக விரித்துப் பார்த்தோம். எங்கள் வீடு போதவில்லை, பாதி வாசலுக்குப் போய்விட்டது. அத்தனை நீளத்திலும் ஒரே ஒரு இடத்தில்தான் அடித்தல் இருக்கிறது. சவரிமுத்து என்பதை அடித்துவிட்டு, மேலே ஆரோக்கியம் என்று கெட்டியாக எழுதியிருக்கிறார்.

போன மாதம் என் மகளுக்கு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறும் தடை இல்லாமல் முடிந்தது. சம்பந்தி வீட்டார் சந்தோஷமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் பழக்க தோஷத்தில் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் தொண்டையைக் கனைக்கவில்லை. யாராவது ஒருவர் எழுந்து என் தாத்தா பேரைக் கேட்டிருக்கலாம். சொல்வதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.