நூற்றிருபதுக்கு எண்பது

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சராசரி. சக்கரமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த அலுவலகம் அதை நன்கு உணர்ந்திருந்தது. மேல்மாடியில் குளிர்சாதனம் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. கீழ்த்தளத்தில் வியர்வை ஊற்றியது. சராசரியில் எல்லோரும் சுகமாக இருந்தார்கள்.

இந்தச் சூழலில்தான் "ஆரோக்கிய வாரம்" பிறந்தது. செவிலியர் வந்து புகார் பிரிவின் ஐவருக்கும் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். நான்கு இளசுகளுக்கும் 100/70-ஐ ஒட்டி வந்தது. கோபத்தோடு வரும் வாடிக்கையாளர்களிடமெல்லாம் தாம் ஒருவரே வாங்கிக் கட்டிக்கொள்ளும் தலைமை எழுத்தருக்கு மட்டும் 190/110. உட்கார வைத்து மறுபடி பார்த்தாலும் அதே.

"மேல் நம்பர், இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது வர்ற அழுத்தம் சார். கீழ் நம்பர், அது ஓய்வா இருக்கும்போது. உங்களுக்கு ஓய்வுலயே நூத்திப்பத்து! ஒண்ணும் தெரியலையேன்னு விட்டுடாதீங்க. இது சத்தம் போடாம வேலையைக் காட்டிடும். இன்னிக்கே டாக்டரைப் பாருங்க."

தலைமை எழுத்தர் விடுப்புக் கேட்க மேலாளர் அறைக்கு ஓடினார். மேலாளரோ ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! உங்க பிரிவோட சராசரி நூத்திருபதுக்கு எண்பது! சொல்லி வச்ச மாதிரி. கேடயம் உங்களுக்குத்தான்."

"சார், எனக்கு நூத்தித் தொண்ணூறு..."

"அது உங்க சொந்த விஷயம். வெள்ளிக்கிழமை விழா. அன்னிக்குக் காலைல மறுபரிசோதனை இருக்கு. நீங்க பாட்டுக்கு மாத்திரை கீத்திரை போட்டுக் குறைச்சுட்டா, சராசரி என்னாகும்? கொஞ்சம் பொறுப்பா இருங்க."

பணியில் சேர்ந்த நாள் முதல் எதிர்த்துப் பேசியறியாத நாக்கு, "சரிங்க சார்" என்றது. வீட்டில் மனைவி கேட்டபோது, "எல்லாம் நார்மல்" என்றார். அலுவலகக் கணக்குப்படி அது பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை, பலத்த கைதட்டலுக்கு நடுவே கேடயத்தை வாங்கினார். வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கையும் காலும் துவள, மேடையிலேயே சரிந்தார்.

மருத்துவமனைக்கு மேலாளர் கேடயத்தோடு வந்தார். கட்டிலருகே நின்ற எழுத்தரின் மனைவியிடம் அதைக் கொடுத்து, தம்மால் இயன்ற ஆறுதலைச் சொன்னார்.

"மனசைத் தளரவிடாதீங்கம்மா. ஒரு கை, ஒரு கால்தானே? இன்னொரு பக்கம் கல்லு மாதிரி இருக்கே. சராசரி போட்டுப் பார்த்தா..."

அந்த அம்மாள் கேடயத்தை அவர் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

"நான் கழுத்தை நீட்டினது உங்க சராசரிக்கு இல்ல சார். இவருக்கு."