இரண்டு கூண்டுக்கும் ஒரே பந்தி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் தலை நிமிராமல் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மகள் போன் செய்தாள். "அப்பா, அவர் கம்பெனிக்காகப் புதுசா செஞ்ச சத்துப் பவுடர் ஒண்ணுக்கும் உதவலைன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் கிழிச்சிட்டாராம். வேலை நிரந்தரமாகுறது சந்தேகம்தானாம். சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கிறாரு" என்றாள். "அப்படியாம்மா" என்று போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பவுடர் மேல் தப்பில்லை மாப்பிள்ளை. எங்களை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதப் பயிற்சிக்குக் கிளம்பும்போது, "இடது கூண்டு முயலுக்குத் தீவனத்தோட பவுடர், வலது கூண்டுக்கு வெறும் தீவனம், அவ்வளவுதான் மாமா" என்று தெளிவாகத்தான் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறியே ஓய்வு பெற்றவன் நான். ஒருவருக்கு வைத்து ஒருவருக்கு வைக்காமல் போகும் பந்தி வஞ்சனை எனக்கு ஆகவே ஆகாது. இடது கூண்டுக்குப் பவுடர் போட்டுவிட்டுத் திரும்பினால், வலது கூண்டில் காது மடிந்த முயல் ஒன்று கம்பியில் மூக்கை வைத்து என்னையே பார்க்கிறது, பார்க்காத மாதிரி நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்கிறது, மனசு கேட்காமல் ஒரு கரண்டி போட்டேன், ஒன்றுக்குப் போட்டு மற்றதுக்குப் போடாமல் இருக்க முடியுமா, எல்லாவற்றுக்கும் போட்டேன், தினமும் போட்டேன், போதாததற்கு "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று உபசாரம் வேறு. நீங்கள் வந்து எடை போட்டு, "ரெண்டு கூண்டும் ஒரே அளவுதான் ஏறியிருக்கு மாமா!" என்று திகைத்தபோது, "கவனிப்பு அப்படி மாப்பிள்ளை" என்று மார்தட்டினேனே, அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மேனேஜரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். மாமனார் முட்டாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மகளுக்கும் என் ஆசிகள், வாங்கிக்கொள்ள மனமிருந்தால்.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்க அருகதையற்ற மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அந்த டப்பாவா? சத்துப் பவுடர்னு எழுதியிருந்துச்சு. முயலுக்கு எதுக்குச் சத்து, உங்களுக்குத்தானே உடம்பு தேறணும்! மாப்பிள்ளை கிளம்பின அன்னைக்கே எடுத்து வெச்சுக்கிட்டு, டப்பாவுல மைதாவைக் கொட்டிட்டேன். தினமும் பால்ல கலந்து குடுத்தேனே, தெரியலையா?" என்கிறாள். ஆக, முயல்கள் தின்றதெல்லாம் மைதா. போன மாதம் தைத்த பேன்ட் எனக்கு முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. மூன்றாவது கூண்டு ஒன்று இருந்தது என்று மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை. எடை போட நானே வருகிறேன். மகள் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.