ரயிலில் ஏறாத ரயில் ஆதரவாளர்

ஆதரவாளர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எந்த நல்ல காரியத்துக்கும் முதல் கையெழுத்து அவருடையது; மேடையில் நடு நாற்காலி அவருடையது; புகைப்படத்தில் பேனரின் ஒரு முனை அவர் கையில். காரியம் நடக்கிற அன்றைக்கு மட்டும் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

நன்றாக முற்றி விளைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமா? ஸ்ரீரங்கம் சிவசங்கரைப் பாருங்கள். அம்மாமண்டபம் சாலையில் வீடு, திருவெறும்பூரில் டியூஷன் சென்டர், போய்வர டீசல் கார், உயிர் மட்டும் மின்சார ரயிலின் மேல். நடிப்பில்லை, நிஜமான உயிர். பெட்ரோலும் டீசலும் வற்றிக்கொண்டே வருகின்றன, நம் பேரப்பிள்ளைகளுக்குப் புகையைத்தான் விட்டுவைக்கப் போகிறோம், மின்சார ரயிலை விட்டால் கதியில்லை என்று மேடையில் பேசினால் அவருக்குக் குரல் தழுதழுக்கும். இறங்கிவந்து காரில் ஏறி ஏசியைப் போட்ட பிறகும் சற்று நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஓட்டுவார்.

அவர் தலைமையில் ‘மின்ரயில் ஆதரவு மன்றம்’ பிறந்தது. லால்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் வழியாகத் திருவெறும்பூருக்குக் காலையும் மாலையும் ஒரு மின்சார ரயில் வேண்டும், அதுதான் கோரிக்கை. லால்குடி ஃபெமினாவும் மன்றத்தில் சேர்ந்தாள். திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் அவளுக்கு வெல்டிங் வேலை. பஸ் மாறி பஸ் ஏறி, மகள் எழுவதற்குள் கிளம்பி, மகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவள். விடுமுறை நாளெல்லாம் பஸ் நிலையத்தில் நின்று கையெழுத்து வாங்கினாள்.

ரயில்வே இறங்கிவந்தது. கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம், கூட்டம் ஏறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் ரத்து என்றார்கள்.

முதல் நாள் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் சிவசங்கர் எஞ்சினுக்கு மாலை போட்டார், பூசணிக்காய் உடைத்தார், பச்சைக்கொடி காட்டினார். ஜன்னலில் ஃபெமினா.

“ஏறலையா சார்? உங்க சென்டருக்கும் இதே வழிதானே?”

“இன்னிக்கு ஒரு சின்ன வேலைம்மா. நாளையிலேருந்து பாருங்க.”

மறுநாள் தூறல். அதற்கடுத்த நாள் இடுப்புப் பிடிப்பு. அப்புறம் ஸ்டேஷனிலிருந்து சென்டர் வரை வெயிலில் நடக்க வேண்டுமே என்ற யோசனை. அப்புறம் நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம் என்ற எண்ணம். நல்ல நாள் வந்தபோது காரை சர்வீஸுக்கு விட வேண்டியிருந்தது, அதற்கும் காரில்தானே போக வேண்டும்? மன்றத்து உறுப்பினர்களுக்கும் இதே வியாதி.

ஒரு காலை காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. பக்கத்து ரயில் பாலத்தில் அந்த மின்ரயில் தடதடவென்று அவரைத் தாண்டிப் போனது. சிவசங்கருக்கு மெய்சிலிர்த்தது. கண்ணாடியை இறக்கி, முன்னால் நின்ற லாரியின் புகையைத் தாங்கிக்கொண்டு படம் எடுத்தார். பெட்டிகள் பாதிக்கு மேல் காலி. அவர் கண்ணில் ரயில்தான் பட்டது. ‘ஓடுகிறது நம் கனவு’ என்று மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பாராட்டுகள் குவிந்தன. பாராட்டியவர்களில் பாதிப்பேர் அதே பாலத்தில், பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாம் ஒருத்தர் ஏறாவிட்டால் ரயில் நின்றுவிடுமா என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நின்றுவிட்டது.

சிவசங்கருக்கு இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவசரக் கூட்டம் போட்டார். துரோகம், வஞ்சனை என்று பொறிபறக்கப் பேசினார். நடுவில் ஃபெமினா எழுந்தாள்.

“தப்பா நினைக்காதீங்க சார். இந்த ஹால்ல இருக்கிறவங்க எத்தனை பேர் அந்த ரயில்ல ஏறினீங்க?”

சிவசங்கருக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. தண்ணீர் குடித்தார்; சரியாகிவிட்டது.

“தங்கச்சி கேக்கிறது நியாயம்தான். ஆனா இது தனிமனுஷங்க பிரச்சினை இல்லீங்க. கொள்கைப் பிரச்சினை.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ரயிலை மீட்கத் திருச்சி ஜங்ஷன் வரை கண்டனப் பேரணி என்று முடிவாயிற்று. எதில்? வெயில் காலம், பெரியவர்களும் வருவார்கள். கார்ப் பேரணிதான்.

குறித்த நாளின் காலையில் கொடி கட்டிய கார்கள் ஹாரன் அடித்தபடி ஊர்ந்தன. பின்னால் ஊரே நின்றது. அப்படி நின்ற ஒரு லால்குடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஃபெமினா. பட்டறையில் அன்று தாமதம் என்று அவளை வாசலோடு திருப்பி அனுப்பப் போகிறார்கள். அது சிவசங்கருக்கு எப்படித் தெரியும்? காரிலிருந்து தலையை நீட்டியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். கோபத்தை எல்லாம் மறந்து ஆதரவு காட்ட வந்துவிட்டாளே என்று நெகிழ்ந்துபோய், அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

சிரிக்கிறீர்களா? ‘எங்க தெருவுலயும் ஒருத்தர் இப்படித்தான்’ என்று இதை அவருக்கு அனுப்பிவைக்கத் தோன்றுகிறதா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் சீக்கிரம். அவரும் இதைப் படித்து முடித்துவிட்டு, தன் போனில் உங்கள் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.