திருமுக்கூடலுக்குத் தப்பிய தலை

கோட்டைகள் பீரங்கியால் விழுகின்றன என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்தோடு மறுக்கிறேன். பீரங்கி மதிலைச் சுரண்டும், அவ்வளவுதான். கோட்டை விழுவது, உள்ளே இருக்கும் ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவதால். உத்திரமேரூர் நூலகத்தில் இருபத்தாறு ஆண்டு உட்கார்ந்து இதைப் படித்தேன். புரிந்தது இந்த ஆடியில்தான், ஒரு கேம்பர் வேனுக்குள்.

முதலில் என் தலையைப் பற்றி. ஐம்பத்தோரு வயதில், எங்கள் வகையறாவில் சீப்பு வாங்கும் ஒரே ஆண் நான். அதுவும் சுருள்முடி. இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு வந்து நான் படுத்தபோது, என் மனைவி தேவயானி தன் பிறந்த ஊரான மாகறலில், செய்யாற்றங்கரை அம்மனிடம், நான் பிழைத்தால் ஆடி ஞாயிறில் எனக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியவள் அவள். முடி என்னுடையது. ஆட்டைக் கேட்டுக்கொண்டா நேர்ந்துவிடுகிறார்கள்?

போன ஆடியில் கழுத்துச் சுளுக்கு என்று தப்பினேன். இந்த ஆடியின் கடைசி ஞாயிறை அவள் காலண்டரில் வட்டமிட்டாள். அந்த வட்டமே மொட்டைத் தலை மாதிரி என்னைப் பார்த்தது.

அன்றே திட்டம் தீட்டினேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வேன் ஒன்றை வாடகைக்குப் பிடிப்பது. சனிக்கிழமை வந்தவாசிக் கோட்டை. ராத்திரியும் ஞாயிறு முழுவதும் திருமுக்கூடல் ஆற்றங்கரை. ஞாயிறு போனால் ஆடி போச்சு. ஆடி போனால் அடுத்த ஆடிவரை தலை என்னுடையது.

"தேவயானி, ஒரு டூர் போலாமா? கோட்டை, ஆறு, வேன்லயே தூக்கம்."

சண்டையை எதிர்பார்த்தேன். கேள்விதான் வந்தது.

"வேன்ல வெளிப்பக்கம் கொழா கீதாங்க?"

"கீது."

"மடக்கு நாற்காலி?"

"ரெண்டு."

"கண்ணாடி?"

"கதவுலயே. ஆளுயரத்துக்கு."

"அப்ப போலாம்."

குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? "ஞாயித்துக்கெழம மாகறல்...?" என்று நானே இழுத்தேன்.

"மாகறல் போவ வாணாங்க. உங்க சந்தோசம்தான் முக்கியம்."

இருபத்துமூன்று வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு வாக்கியம் பதிவானதே இல்லை. அப்போதே நான் நடுங்கியிருக்க வேண்டும். காதில் நாதஸ்வரம்தான் கேட்டது.

வந்தவாசியில் கொஞ்சம் மதில், நிறைய முள்செடி, அகழியில் இரண்டு எருமை.

"இதானா நைனா கோட்டை?" என்றாள் காலேஜ் படிக்கும் என் மகள் கல்பனா.

"மதிலப் பாக்காத. கதவு எங்கன்னு பாரு."

"கதவே இல்லியே."

"அதான் வரலாறு."

"கதவ உள்ளருந்துதான தொறப்பாங்க?" என்று கேட்டாள் தேவயானி.

"ஆமா" என்றேன். அறிவைப் பகிர்வதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

மாலையில் திருமுக்கூடல். அரை மைல் அகலத்துக்கு ஆறு. அதில் வேட்டி அகலத்துக்குத் தண்ணீர். கரையில் வேனை நிறுத்திவிட்டு மணலில் நின்று விளக்கினேன்.

"மூணு ஆறு கூடுற எடம். இது பாலாறு. அது வேகவதி. அதோ வர்றது செய்யாறு."

"அது எப்படிங்க வருது?"

"உங்க மாகறலத் தொட்டுக்கினுதான் வருது. அங்க உங்க அம்மன் கால நனைச்ச தண்ணி நேரா இங்கதான் வந்து சேருது."

கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"நெஜமாவா?"

"சத்தியமா!"

"கல்பனா, கேட்டுக்கினியா?"

"ரெக்கார்டே பண்ணிட்டேம்மா."

பெண்ணுக்குப் பூகோளத்தில் இவ்வளவு ஆர்வமா என்று பூரித்தேன். படுக்கும்முன் வேன் கதவை உள்ளே தாழிட்டு, இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன்.

காலை ஆறு மணிக்கு யாரோ தட்டினார்கள். நான் கண்ணைத் திறப்பதற்குள் கல்பனா கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே என் மைத்துனன் தினகரன் தாம்பாளத்தோடு நின்றான். அதில் மஞ்சள் துணி, சந்தனம், மாலை. பக்கத்தில் மாகறல் சலூன் முத்துவேல் கத்திக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்குவதற்குள் மடக்கு நாற்காலி கதவுக் கண்ணாடியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. தேவயானி எப்போது எழுந்தாளோ, வேன் அடுப்பில் வெந்நீர் கொதித்தது.

"இன்னாடி இது? மாகறல் போவ வாணாம்னு சொன்னியே!"

"போனமா? அம்மன்தான் வந்துகீது. அவ கால நனைச்ச தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பூகோளம்டி!"

"இது வேண்டுதலுங்க."

"மாமா, நீங்க சத்தியம் பண்ணத நானே கேட்டேன்" என்றான் தினகரன். "வாட்சப்ல வந்துச்சி. பூசாரிக்கும் போட்டுக் காட்டிட்டேன். சரியாத்தான் கீதுன்னாரு."

கடைசி நம்பிக்கையாக முத்துவேலைப் பார்த்தேன். அவர் வேனைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கண்ணாடி, கொழா, சுடுதண்ணி... எங்க கடைல கூட இத்தினி வசதி கெடையாது. பாத்துப் பாத்துப் புடிச்சிகீறீங்க. கொஞ்சம் குனிங்க."

குனிந்தேன்.

அரைமணி நேரத்தில் என் சுருள்முடி மஞ்சள் துணிக்குப் போய்விட்டது. செய்யாறு வந்து சேரும் இடமாகப் பார்த்து, அதை நானே அடையாளம் காட்டி, மூன்று முழுக்குப் போட்டேன். தேவயானி என் தலையில் சந்தனம் பூசினாள். பூசி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வருசமா பயந்துக்கினே இருந்தேங்க" என்றாள்.

நாலு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுக்கலாம் என்று முகம் பார்த்துத் திறக்கும் என் செல்போனை எடுத்து நேராகப் பிடித்தேன்.

அது என்னைப் பார்த்தது. திறக்கவில்லை.